வெள்ளாற்றைத் தாண்டிய போர் வண்டி

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு ரகசியம் என்கிற சரக்கே வேண்டாம் என்று ஆகிவிட்டது. டீ குடிக்கப் போனால் டீயைப் படம் எடுத்து அனுப்புகிறான். கல்யாணத்துக்குப் போனால் சாப்பிட்ட இலையை அனுப்புகிறான். வழி கேட்டால் வாயைத் திறந்து சொல்வதில்லை, "லொக்கேஷன் போட்டிருக்கேன், பாருங்க" என்கிறான். நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், என் வீடு பூட்டிக் கிடக்கிறது, வந்து அள்ளிக்கொண்டு போங்கள் என்று ஊருக்குத் தண்டோரா போடுவதற்குப் பெயர் லொக்கேஷன். பாவம், முன்பெல்லாம் திருடன் நாலு தெரு அலைந்து துப்புப் பார்ப்பான். இப்போது உட்கார்ந்த இடத்திலேயே அவன் மடியில் வந்து விழுகிறது.

என் தொழிலில் அப்படி இருந்தால் சோறு கிடையாது. நான் போர் வண்டி வைத்திருக்கிறேன். பூமியில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கிற லாரி. முதுகில் ஒரு நீளக் கம்பத்தைப் படுக்கப்போட்டுக்கொண்டு ரோட்டில் போகும். இடம் வந்ததும் கம்பம் செங்குத்தாக எழுந்து நிற்கும், ராடு கீழே இறங்கும். கடலூரில் 'போர் தங்கராசு' என்றால் யாரும் வழி காட்டுவார்கள். என் வீட்டுக்கு வழி காட்டுவார்கள், வண்டிக்குக் காட்ட முடியாது. வண்டி இன்றைக்கு எந்தக் கொல்லையில் நிற்கிறது என்பது எனக்கும் டிரைவருக்கும்தான் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரிந்தால், நான்காவது ஆளாக என் மச்சானுக்குப் போய்விடும்.

மச்சான் பெயர் உத்திராபதி. என் வீட்டுக்காரி புஷ்பவள்ளிக்குத் தம்பி. சிதம்பரத்தில் அவனும் ஒரு போர் வண்டி வைத்திருக்கிறான். முதலில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வண்டியைத்தான் ஓட்டினோம். பிறகு பிரிந்தோம். தப்பு யார் மேல் என்று கேட்டால் அவன் மேல்தான். பிரிந்ததிலிருந்து நான் பேசி முடித்த இடத்துக்கு வண்டியோடு போனால், அங்கே அவன் வண்டி கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அவன் பேசி முடித்த இடத்தில் நான் முந்திக்கொண்டு நிற்பேன். ஒரு தடவை பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரே கொல்லையில் இரண்டு வண்டியும் எதிரும் புதிருமாகக் கம்பத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றன. கொல்லைக்காரர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்குத் தண்ணியே வாணாம்யா" என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் புஷ்பவள்ளி நடுவில் இறங்கினாள். இரண்டு பேரையும் கூடத்தில் உட்கார வைத்தாள்.

"இன்னியிலேர்ந்து வெள்ளாறுதான் எல்ல. ஆத்துக்கு வடக்க இவுரு, தெக்க நீ. யாரு எந்தத் தோப்புல நின்னாலும் எனக்குத் தெரிய வாணாம். ஆத்த மட்டும் தாண்டக் கூடாது."

"தாண்டினா?" என்றான் மச்சான். அவன் எப்போதும் தாண்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் கேட்பான்.

"எவன் மொதல்ல தாண்டுறானோ அன்னிக்கே கல்யாணம் நின்னுது. வாக்குத் தவறுன வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவுல எம்பொண்ணப் புடிச்சித் தள்ள மாட்டேன்."

கல்யாணம் என்றது என் மகள் வினோதினிக்கும் மச்சான் மகன் ஜெயப்பிரகாஷுக்கும் பேசியிருந்தது. முறைப்பிள்ளை என்பதற்காகப் பேசியது இல்லை. இரண்டும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே மனசு ஒத்துப்போனவை. நாங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டதில் அதுகளுக்கு வயசுதான் ஏறியது. ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. வினோதினி சிதம்பரத்தில் ரத்தம் சோதிக்கிற லேப்பில் வேலை பார்க்கிறாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா, நகை வாணாம், சீர் வாணாம். ஆவணி வரைக்கும் நீங்களும் மாமாவும் சும்மா இருங்க. அது போதும்."

அவள் அம்மா புஷ்பவள்ளியோ சொன்னதைச் செய்து காட்டுகிறவள். சுருட்டை நிறுத்தாவிட்டால் என்னோடு பேசமாட்டேன் என்று ஒரு தடவை சொன்னாள். நானும் பார்த்தேன். தை போய் அடுத்த தை வந்தது. சுருட்டை விட்டேன்.

சும்மாத்தான் இருந்தேன். கிள்ளையில் ஒரு பார்ட்டி கூப்பிட்டார். கிள்ளை ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அவர் அப்பா காலத்துப் பழக்கம். பழக்கத்துக்கு ஆறு உண்டா? அதோடு, எனக்கு முன்னாலேயே மச்சான் ஆற்றைத் தாண்டிவிட்டான் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், தெரியும்.

ஆனாலும் முன்ஜாக்கிரதையாகத்தான் போனேன். முதுநகரில் என் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய லாரியின் அடிச்சட்டம் கிடந்தது. அதன் மேல் ஒரு பனைமரத்தைப் படுக்க வைத்து, பச்சைத் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டினேன். பஸ்ஸில் போகிறபோது எட்டிப் பார்க்கிற புஷ்பவள்ளிக்கு வண்டி ஷெட்டிலேயே இருக்கிற மாதிரி தெரியும். நிஜ வண்டியைக் கிள்ளையில் ஒரு சவுக்குத் தோப்புக்குள் விட்டு, வேலை இல்லாத நேரத்தில் மரத்தோடு மரமாக நிறுத்தினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டி வாங்கிய புதிதில் டிரைவர் கேபினின் தலைமேல் பெரிதாக மூன்று கோடு, வெள்ளைப் பெயிண்டில் திருநீற்றுப் பட்டை அடித்திருந்தேன். ரோட்டில் போகிறவன் கண்ணுக்குத் தெரியாது. மேலே இருக்கிறவன் பார்த்தால் போதும் என்றுதான். மச்சான் விடுவானா? பூமியையே தோண்டி மேலே கொண்டுவந்த சாமி ஸ்ரீமுஷ்ணம் பூவராகர், போர்காரனுக்கு அவரை விட்டால் யார் என்று சொல்லி, அவன் வண்டித் தலையில் நாமம் போட்டுக்கொண்டான்.

இந்த நிலையில் ஒரு நாள் வெள்ளாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தேவசகாயம் கடையில் டீ குடிக்க உட்கார்ந்தேன். தேவசகாயம் என் ஆள். பாலத்தில் மச்சான் வண்டி ஏறினால் எனக்குச் சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு. அதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"அண்ணே, சேதி தெரியுமா? ஒங்களையும் ஒங்க மச்சானையும் பத்தி நோட்டீஸ் அடிச்சி ஒட்டிருக்காங்க."

"எவன் ஒட்டுனது?"

"தூண்ல பாருங்க."

நான் அஞ்சாவது வரைக்கும் போனவன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'நடமாடும் போர் வாகனங்களும் விண்வெளிக் கண்காணிப்பும். எதிரெதிர் வல்லரசுகளின் சமநிலை குலையுமா? உரை: முனைவர் வெண்மதி. ஞாயிறு மாலை, அண்ணாமலை நகர். அனைவரும் வருக.'

போர் வாகனம் என்பது புரிந்துவிட்டது. நடமாடும் என்பதும் புரிந்தது, அது நடமாடாமல் பின்னே படுத்துக்கொண்டா இருக்கும்?

"வல்லரசுன்னா யாருடா?"

"பெரிய கைங்க. வடக்க நீங்க, தெக்க ஒங்க மச்சான்."

"விண்வெளி?"

"சாட்டிலைட்டுண்ணே. மேலேர்ந்து படம் புடிக்கிது. எந்த வண்டி எந்தத் தோப்புல நிக்கிதுன்னு எல்லாம் வந்துருமாம். புதுசா சட்டம் கிட்டம் போடப் போறாங்களோ என்னமோ."

"தார்ப்பாய் போட்டு மூடியிருந்தா?"

"தார்ப்பாயோட படம் வரும்."

"ஒன் டீய நம்பலாம், ஒன் பேச்ச நம்ப முடியாது."

"டீய நம்புறீங்களே, அதுவே ஜாஸ்திண்ணே."

எனக்கு டீ இறங்கவில்லை. எவனோ மேலேயிருந்து படம் பிடித்து, அதைக் கூட்டம் போட்டுக் காட்டி, கிள்ளையில் தங்கராசு வண்டி என்று சொன்னால், ஆவணி முகூர்த்தம் அத்தோடு போச்சு. வினோதினி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? படம் காட்டுவதற்கு முன்னால் அந்த வெண்மதியைப் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை புஷ்பவள்ளியிடம், "குறிஞ்சிப்பாடில ஒரு பார்ட்டியப் பாத்துட்டு வரேன்" என்றேன்.

"போங்க, போங்க" என்றாள். இரண்டு 'போங்க' சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்குகிற லாட்ஜுகள் இருக்கிற தெருவில், ஒரு மாடியில் கூட்டம். வாசலில் பார்த்தால் வண்டிக்கு வேலை பிடித்துக் கொடுக்கிற போர் ஏஜெண்டுகளின் பைக்கெல்லாம் வரிசையாக நிற்கிறது. புவனகிரியிலிருந்து விவசாயிகள் பத்துப் பேர் வேன் வைத்து வந்திருந்தார்கள். எந்த இடத்தில் போட்டால் தண்ணீர் வரும் என்று சாட்டிலைட்டில் பார்த்துச் சொல்லப் போகிறார்கள் என்று அவர்களுக்கு எவனோ சொல்லியிருக்கிறான். காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர் மூலையில் முழித்துக்கொண்டு நின்றார்கள்.

வெண்மதி என்பது ஒரு பெண். என் மகளை விடக் கொஞ்சம் பெரியவள். கண்ணாடி போட்டுக்கொண்டு, சுவரில் படம் விழுகிற மிஷினோடு போராடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய்க் கும்பிட்டேன்.

"வாங்கய்யா. நீங்க எந்தத் துறை?"

"போர்தாம்மா. நாப்பது வருஷமா."

அது நிமிர்ந்து பார்த்தது. "ராணுவத்துல இருந்தீங்களா?"

"இல்லம்மா, சொந்தமா."

"சொந்தமாவா?"

"மொதல்ல மச்சானோட சேந்து பண்ணேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் ஆவல. இப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்."

"ஓ" என்றது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. "வருஷத்துக்கு எத்தன போர் நடக்கும்?"

"சீசன்ல மாசத்துக்குப் பதினஞ்சு போர் போட்டுருக்கேன். மழக் காலத்துல யாரும் போருக்குக் கூப்புட மாட்டாங்க."

"ஒங்க வண்டி எவ்ளோ தூரம் போவும்?"

"எண்ணூறு அடிக்குக் கேரண்டி. அதுக்கு மேல பாறை வந்தா என் பொறுப்பு இல்ல. தண்ணி வரலன்னா அவுங்க தலையெழுத்து."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தது. பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது பாருங்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தது.

"அய்யா, நான் பேசப் போறது அணுகுண்டு ராக்கெட்டத் தூக்கிட்டுப் போற லாரியப் பத்தி. போர்னா சண்ட. போர்வெல் இல்ல."

எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. யாரோ ரஷ்யாக்காரன், அமெரிக்காக்காரன், சீனாக்காரன் லாரி. அவர்கள் எந்தத் தோப்பில் நின்றால் எனக்கென்ன? இருந்தாலும் கேட்டு வைத்தேன். "நம்ம பக்கத்து வண்டி எதையும் காட்டுற மாதிரி இல்லியே?"

"ரெண்டு மூணு படம் இருக்கு. ஆனா யாரு வண்டின்னு எனக்கே தெரியாது. பேரு ஊரு ஒண்ணும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க."

மறுபடியும் உயிர் போயிற்று. "ரெண்டு மூணு படமா? எந்த வண்டி?" என்று கேட்பதற்குள் யாரோ வந்து மாலை போட அதை மேடைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

திரும்பினேன். வாசலில் மச்சான். என்னைப் பார்த்ததும் காலைப் பின்னால் எடுத்து வைக்கப் பார்த்தான். அதற்குள் அவனுக்குப் பின்னால் மாடிப்படி ஏறி வந்தது புஷ்பவள்ளி.

"குறிஞ்சிப்பாடிய இங்க மாத்திட்டாங்களா?" என்றாள் என்னைப் பார்த்து. மச்சானிடம், "நீ மவனுக்குச் சட்ட எடுக்கப் போறேன்னியே, துணிக்கட இங்கயா இருக்குது?"

"ஒனக்கு யாரு சொன்னது?" என்றேன்.

"தேவசகாயம்."

அவன் எனக்கு மட்டும் ஆள் இல்லை, மச்சானுக்கும் ஆள், என் வீட்டுக்காரிக்கும் ஆள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்று வல்லரசுக்கும் ஒரே உளவாளி. மூன்று பேரிடமும் டீக்குக் காசு வாங்கியவன்.

நடு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மச்சான். அவள் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து அவன் கிசுகிசுத்தான்.

"மாமா, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நீ எதுக்கு வந்த?"

"சும்மா. பொது அறிவு."

"ஒனக்கா?"

"ரெண்டு பேரும் நேரா பாருங்க" என்றாள் புஷ்பவள்ளி, திரும்பாமலே.

வெண்மதி பேச ஆரம்பித்தது. எடுத்த எடுப்பிலேயே, இது தண்ணீர்க் கூட்டம் இல்லை என்று சொல்லிவிட்டது. விவசாயிகள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். வேன் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் மறுபடி உட்கார்ந்தார்கள்.

அது சொன்னதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். அணுகுண்டு ராக்கெட்டை ஒரே இடத்தில் குழி வெட்டி வைத்தால் எதிரிக்கு இடம் தெரிந்துபோகும். முதல் அடியிலேயே ஒழித்துவிடலாமா என்று அவனுக்குக் கை அரிக்கும். அதனால் லாரியில் ஏற்றி, காட்டில், மலையில், சுரங்கத்தில் மாற்றி மாற்றி நிறுத்துகிறார்கள். எங்கே நிற்கிறது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் ஒரே அடியில் அழிக்க முடியாது. ஒன்று தப்பினாலும் திருப்பி நம் தலையில் விழும் என்று பயம். அந்தப் பயத்தில் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். இதற்குப் பெயர் சமநிலையாம். எனக்குத் தெரிந்து இதற்குப் பெயர் சம்பந்தி உறவு.

"இப்ப வானத்துல சாட்டிலைட் பெருகிப்போச்சு" என்றது அந்தப் பெண். "மேகம் மூடியிருந்தாலும் பாக்குற சாட்டிலைட் இருக்கு. வர்ற படத்தையெல்லாம் கம்ப்யூட்டர் ஒக்காந்து சலிக்கிது. எதிரியோட லாரி எல்லாத்தையும் கண்டுபுடிச்சிட்டோம்னு ஒருத்தர் நெனச்சிட்டா, அன்னிக்குத்தான் ஆபத்து. முந்தி அடிச்சிரலாம்னு இவுருக்குத் தோணும். அடிபடுறதுக்குள்ள நாமளே விட்டுரலாம்னு அவுருக்குத் தோணும். நெஜமா கண்டுபுடிக்கக்கூட வேணாம். கண்டுபுடிச்சிட்டானோங்கிற சந்தேகம் போதும்."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

சுவரில் ஒரு படம் விழுந்தது. ஏதோ நாட்டில் ஊர்வலத்தில் போகிற ராக்கெட் லாரி. வரிசையாகச் சக்கரம், முதுகில் நீளமாக ஒரு உருளை.

"அட, நம்ம போர் வண்டிதான்!" என்றார் பின்னாலிருந்து ஒரு விவசாயி.

"கேசிங் பைப்பு கொஞ்சம் பெருசு" என்றார் இன்னொருத்தர். "பத்து இஞ்சி இருக்கும்."

"அதேதாங்க பிரச்சின!" என்று கைதட்டியது வெண்மதி. "மேலேர்ந்து பாத்தா நீளமான லாரி எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும். ராக்கெட் லாரியா, வேற லாரியான்னு கம்ப்யூட்டருக்குக் கத்துக் குடுக்கணும். நெஜ ராக்கெட் லாரிய நான் எங்க போய்த் தேடுறது? அதனால நம்ம மாவட்டத்துலயே, மறஞ்சி நிக்கிற நீள லாரிங்கள எடுத்துப் பழக்கினேன். ஆச்சரியம் பாருங்க, ராக்கெட் லாரிக்காரங்க பண்ற வித்தையெல்லாம் இங்கயும் யாரோ பண்றாங்க."

அடுத்த படம். மேலேயிருந்து எடுத்த ஒரு ஷெட். பின்னால் பச்சையாக நீளமாக ஒன்று.

"இது கடலூர்ப் பக்கம். இத முழு லாரின்னுதான் கம்ப்யூட்டர் சொல்லிச்சு. எனக்குச் சந்தேகம். மாசக்கணக்கா அசையல, டயர் தடம் இல்ல. கடைசியா எடுத்த படத்துல தார்ப்பாய் ஓரமா நாலு கோழி மேயுது. இது பொம்ம லாரி. எதிரிய ஏமாத்த நாடுங்களும் இப்படிச் செஞ்சி வைக்கிறது உண்டு."

புஷ்பவள்ளி என் பக்கம் திரும்பவில்லை. "அது நம்ம கோழி" என்றாள்.

"எல்லாக் கோழியும் மேலேர்ந்து பாத்தா ஒண்ணுதான்" என்றேன்.

அடுத்த படம். சவுக்குத் தோப்பு. மரத்துக்கு நடுவில் ஒரு லாரி. அதன் தலையில் பளிச்சென்று மூன்று வெள்ளைக் கோடு.

"இது ஆத்துக்குத் தெக்க, கிள்ளைப் பக்கம். நல்லா மறச்சிருக்காங்க. ஆனா தலையில எதுக்கோ அடையாளம் போட்டு வச்சிருக்காங்க. அதான் மாட்டிக்கிச்சு."

கூட்டத்தில் பாதி பேருக்கு என் வண்டியைத் தெரியும். ஏஜெண்டுகள் எல்லாரும் ஒரே சமயத்தில் இருமினார்கள். மச்சான் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டான்.

"அக்கா, பாத்தியா! பட்டை! மாமா ஆத்தத் தாண்டிட்டாரு! நான் அப்பவே சொல்லல?"

புஷ்பவள்ளி பையைத் திறந்து போனை எடுத்தாள். வினோதினி என்று பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தாள். "இரு புஷ்பா, இரு. அவசரப்படாத" என்றேன்.

அதற்குள் சுவரில் அடுத்த படம் விழுந்துவிட்டது.

"இது ஆத்துக்கு வடக்க, புதுச்சத்திரத்துக்குக் கெழக்க. இங்கயும் தோப்புதான். இந்த லாரிக்கும் தலையில ஒரு அடையாளம்."

நாமம். நடுக்கோடு சிவப்பாகக்கூடத் தெரிந்தது.

மச்சான் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து, கூரையில் ஏதோ பல்லியைத் தேடினான். ஒரு விவசாயி அடக்க முடியாமல் சிரித்தார். பிறகு மாடி முழுக்கச் சிரித்தது.

புஷ்பவள்ளி எழுந்து நின்றாள். அவள் எழுந்ததும் சிரிப்பு நின்றது.

"ஒருத்தர் பட்டை, ஒருத்தன் நாமம். ரெண்டும் சேந்து எனக்குப் பட்ட நாமம் போட்டுட்டீங்க, இல்ல?"

நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். அவள் மேடையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்மா, இதுல எந்த வண்டி மொதல்ல ஆத்தத் தாண்டுச்சு?"

"அவன்தான்" என்றேன்.

"மாமாதான்" என்றான்.

"ஒங்களக் கேக்கல."

வெண்மதிக்கு விஷயம் லேசாகப் புரிந்திருக்க வேண்டும். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அவசரப்படாமல் சொன்னது.

"அது தெரியாதும்மா. ரெண்டு படமும் ஒரே நாள்ல, ஒரே தடவ மேல போனப்ப எடுத்தது. சாட்டிலைட் அந்தந்த நேரத்துக்குத்தான் அந்த எடத்து மேல போவும். அதுக்கு முன்னாடி யாரு போனாங்க, யாரு வந்தாங்கன்னு படத்துல இல்ல. ஒலக நாடுங்க சண்டையிலயும் இதே கததான். யாரு மொதல்லன்னு ரெண்டு பேரும் அடிச்சிச் சொல்லுவாங்க. மேலேர்ந்து பாத்தவனுக்கும் தெரியாது."

புஷ்பவள்ளி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் இன்னும் மகள் பெயர் மேலேயே இருந்தது. எனக்கு வினோதினி சொன்னது காதில் கேட்டது. சும்மா இருங்க, அது போதும். ஒரு காரியம் கேட்டாள், அதுவும் ஒன்றும் செய்யாமல் இருக்கிற காரியம். நாங்கள் இரண்டு பேரும் அதைக்கூடச் செய்யவில்லை.

"எவன் மொதல்ல தாண்டுறானோன்னுதான் நான் சொன்னேன்" என்றாள் கடைசியில். "மொதல்ல யாருன்னு வானத்துக்கே தெரியல. தெரியாத குத்தத்துக்கு எம்பொண்ணு கல்யாணத்த நிறுத்த முடியாது. சொன்ன வாக்குல நான் நிக்கிறேன். கல்யாணம் நடக்கும்."

மச்சான் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நான் விட்டது அவனுக்குக் கேட்டிருக்கும்.

"ஆனா இனிமே ஒங்க பேச்ச நம்புறதா இல்ல. ஏம்மா, அந்த நாட்டுக்காரங்க ஒருத்தர் பேச்ச ஒருத்தர் எப்படி நம்புவாங்க?"

"நம்ப மாட்டாங்கம்மா" என்றது வெண்மதி. "அதுக்குத்தான் ஒப்பந்தம் போடுவாங்க. முன்ன ஒரு ஒப்பந்தத்துல, எதிராளி கேட்டா கூரையத் தொறந்து லாரிய வெளியில நிறுத்தணும். மேலேர்ந்து அவன் எண்ணிக்குவான். மத்த நேரம் மறஞ்சிக்கலாம்."

"அது சரி" என்றாள் இவள். உடனே இரண்டு பேருக்கும் தீர்ப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை என் வண்டி ஆற்றுக்கு வடக்குக் கரையிலும், அவன் வண்டி தெற்குக் கரையிலும், தார்ப்பாய் இல்லாமல் நிற்க வேண்டும். அவள் பஸ்ஸில் பாலத்து மேல் போய் பட்டையையும் நாமத்தையும் பார்ப்பாள். தேவசகாயம் சாட்சி செல்லாது. அதோடு விட்டாளா? கையை நீட்டினாள்.

"போனக் குடுங்க ரெண்டு பேரும். லொக்கேஷன் போடணும். என் போன்ல எப்பவும் தெரியணும்."

"அக்கா, அது..." என்றான் மச்சான்.

"மாப்பிள்ளைக்கு அப்பனா மண்டபத்துல நிக்கணுமா, வாணாமா?"

கொடுத்துவிட்டான். நானும் கொடுத்தேன். காலேஜ் பிள்ளை ஒன்று வந்து, "ரொம்ப ஈஸி தாத்தா" என்று எதையோ அமுக்கித் திருப்பிக் கொடுத்தது. என் வண்டி எங்கே என்று ஒரு ஆயுசு முழுக்க ஒருத்தனுக்கும் சொல்லாதவன் நான். இப்போது நானே ஒரு நீலப் புள்ளியாக என் பெண்டாட்டி கையில் இருக்கிறேன்.

கூட்டம் முடிந்தது. விவசாயிகள் வெண்மதியைச் சூழ்ந்துகொண்டு, எல்லாம் சரி, தண்ணி எங்கே இருக்கிறது என்று தெரியுமா தெரியாதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவிலும் அது என்னைப் பார்த்துக் கையைக் காட்டியது.

"அய்யா, சமாதானம்தானே?"

"அவன்தாம்மா மொதல்ல தாண்டுனான்."

"அதான் படத்துல இல்லியே."

"படத்துல இல்லன்னா நடக்கலன்னு ஆயிடுமா? ஒரே நாள்ல, ஒரே தடவையில ரெண்டு வண்டியும் மாட்டுச்சாம். அந்த சாட்டிலைட்ட அனுப்புனது யாருன்னு மொதல்ல விசாரி. சிதம்பரத்து ஆளா இருக்கும்."

அது மறுபடியும் புடவைத் தலைப்பைத் தேடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கீழே இறங்கினேன். மச்சான் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்து, "வாங்க மாமா, பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடறேன்" என்றான். அவன் பைக்கில் ஏறினால் எந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போவான் என்று யாருக்குத் தெரியும்?

"நீ போ" என்றேன். "நீ மொதல்ல போ. இந்தத் தடவையாவது யாரு மொதல்ல போறான்னு எல்லாரும் பாக்கட்டும்."

அவன் போனான். நான் மேலே பார்த்தேன். வானத்தில் ஒரு காக்காய்கூட இல்லை. சாட்டிலைட் இல்லாத மாதிரிதான் இருக்கும். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் கையில் கொண்டுவந்திருந்த குடையை விரித்துத் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தேன்.